ஹைவ் வாலட் நீட்டிப்பு கேட்கும் சாவி எது? பழைய ஸ்டீமிட் கணக்கு, இரண்டு தாள்கள், எதுவும் பொருந்தவில்லை

மழைக்கால வாசகி

வணக்கம். என் அப்பா நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2018-இல், எழுத்துக்குக் கிரிப்டோ நாணயத்தில் வெகுமதி தரும் ஸ்டீமிட் என்ற வலைப்பதிவுத் தளத்தில் எங்கள் பகுதியின் ஏரிகள், மதகுகள், பழைய நீர்ப்பங்கீட்டு வழக்கங்கள் பற்றித் தொடர்ந்து எழுதினார். பிறகு கண் அறுவை சிகிச்சை, வீடு மாற்றம் என்று எழுத்து நின்றுபோனது. இப்போது மறுபடி எழுத வேண்டும் என்கிறார். தேடிப் பார்த்தபோது அவருடைய பழைய கட்டுரைகள் எல்லாம் ஹைவ் என்ற அதே மாதிரியான வலையமைப்பின் தளங்களிலும் அதே பயனர் பெயரில் இருக்கின்றன. அங்கேயே தொடரட்டும் என்று அவருடைய மடிக்கணினியில் ஹைவுக்கான வாலட் நீட்டிப்பு (கணக்கின் சாவிகளை உலாவியில் வைத்துக்கொள்ளும் சிறு செயலி) ஒன்றை நிறுவினேன்.

நிறுவியதும் முதல் திரை ஒரு கடவுச்சொல் கேட்டது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் எல்லாம் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்கச் சொன்னது. அது கணக்கின் கடவுச்சொல்லா, வேறு எதற்கா என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. அடுத்த திரை பயனர் பெயரையும் ‘தனிச்சாவி அல்லது மாஸ்டர் கடவுச்சொல்’லையும் கேட்கிறது.

அப்பாவின் கோப்பில் இரண்டு தாள்கள் உள்ளன. ஒன்று 2018-இல் அவர் கையால் எழுதியது. ‘பி’ (P) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் நீளமான ஒரே வரி. இன்னொன்று 2021-இல் அச்சிட்டது. அதில் மாஸ்டர் கடவுச்சொல் ஒன்று, ஓனர், ஆக்டிவ், போஸ்டிங், மெமோ என்ற நான்கு பெயர்களில் தனிச்சாவிகள், அதே நான்கு பெயர்களில் பொதுச்சாவிகள் என்று மொத்தம் ஒன்பது வரிகள். புதிய தாளில் இருப்பதுதானே இப்போது செல்லும் என்று அதிலிருந்து போஸ்டிங் தனிச்சாவியைக் கொடுத்தேன். கணக்கோடு பொருந்தவில்லை என்றது. ஆக்டிவ் சாவிக்கும் அதே பதில். மேலும் முயன்றால் கணக்கு முடங்கிவிடுமோ என்ற பயத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

எந்தச் சாவியை எங்கே கொடுக்க வேண்டும்? ஒரு கட்டுரை எழுத ஏன் இத்தனை சாவிகள்?

நிரல் நெசவாளர்

முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள் சகோதரி. தவறான சாவியை எத்தனை முறை கொடுத்தாலும் கணக்கு முடங்காது. நீங்கள் கொடுக்கும் தனிச்சாவியிலிருந்து (ரகசியமாக வைக்க வேண்டியது) நீட்டிப்பு அதற்குரிய பொதுச்சாவியை (எல்லோரும் பார்க்கக்கூடியது) கணக்கிட்டு, சங்கிலியில், அதாவது பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில், உங்கள் அப்பாவின் பெயருக்கு எதிரே பதிவாகியிருக்கும் பொதுச்சாவிகளோடு ஒப்பிடுகிறது. அவ்வளவுதான். இந்த ஒப்பீடு உங்கள் கணினியிலேயே நடக்கிறது. தவறுகளை எண்ணிக்கொண்டிருக்கும் வங்கி அதிகாரி யாரும் மறுமுனையில் இல்லை.

முதல் திரை கேட்ட கடவுச்சொல்லுக்கும் கணக்குக்கும் தொடர்பே இல்லை. நீட்டிப்பில் நீங்கள் சேர்க்கப்போகும் சாவிகள் அந்தக் கணினியில் மறையாக்கம் செய்து (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி) வைக்கப்படும். அதற்கான பூட்டு மட்டுமே அது. நாளை அது மறந்துபோனால் நீட்டிப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவி, தாளைப் பார்த்துச் சாவிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். தாள் தொலைந்துபோனால் அந்தக் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு வேறு கணினியில் எதுவும் செய்ய முடியாது. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. ‘கடவுச்சொல்லை எழுதி வைத்துவிட்டேன், போதும்’ என்று நிம்மதியாக இருப்பார்கள். மடிக்கணினி பழுதானால் அல்லது உலாவியின் சுயவிவரத்தை அழித்தால் சாவிகள் அதோடு போய்விடும்.

இனி நான்கு சாவிகள். போஸ்டிங் சாவியால் எழுதலாம், கருத்துச் சொல்லலாம், வாக்களிக்கலாம், பின்தொடரலாம், கட்டுரைக்குக் கிடைத்த வெகுமதியைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். ஆக்டிவ் சாவி பணத்துக்கானது: பிறருக்கு அனுப்புவது, பங்கை (பூட்டி வைக்கும் நாணயம்) ஏற்றுவது இறக்குவது, சந்தையில் விற்பது. மெமோ சாவி, பணத்தோடு வரும் மறையாக்கம் செய்த குறிப்புகளைப் படிக்க. ஓனர் சாவி மற்ற எல்லாச் சாவிகளையும் மாற்றும் உரிமை கொண்டது. மாஸ்டர் கடவுச்சொல் என்பது இந்த நான்கும் பிறக்கும் மூலம். பயனர் பெயர், சாவியின் வகை, மாஸ்டர் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கணக்கீட்டில் போட்டால் அந்த வகைக்கான தனிச்சாவி வரும். ஆகவே மாஸ்டர் கடவுச்சொல்லைக் கொடுப்பது நான்கையும் கொடுப்பதற்குச் சமம்.

எழுதுவதற்கு போஸ்டிங் தனிச்சாவி ஒன்று போதும். நீங்கள் முதலில் எடுத்தது சரியான வரிதான். அது ஏன் பொருந்தவில்லை என்பதுதான் கேள்வி. 2021 தாள் எந்தத் தளத்தில் அச்சிட்டது என்று சொல்ல முடியுமா?

எளிய வழி

இத்தனை விளக்கம் தேவையா என்று தோன்றுகிறது. நான் கணக்குத் தொடங்கியபோது மாஸ்டர் கடவுச்சொல்லை நீட்டிப்பில் கொடுத்தேன். அதுவே போஸ்டிங், ஆக்டிவ், மெமோ மூன்றையும் வருவித்து வைத்துக்கொண்டது. ஓனர் சாவியை அது வைத்துக்கொள்ளவில்லை. எதை எங்கே ஒட்டுவது என்ற குழப்பமே இல்லை. வயதானவர்களுக்கு ஒன்பது வரிகளைக் காட்டி மிரட்டுவதைவிட ஒரே வரியைக் கொடுத்து வேலையை முடிப்பது நல்லது. வாசகி அவர்களே, 2018 தாளில் இருக்கும் வரியை அப்படியே கொடுத்துப் பாருங்கள்.

பதிவர் தோழி

எளிய வழி அவர்களின் அக்கறை புரிகிறது. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் ஹைவில் சமையல் குறிப்புகள் எழுதுகிறேன். என் நீட்டிப்பில் போஸ்டிங் சாவி மட்டுமே இருக்கிறது. எழுதுவது, வாக்களிப்பது, வெகுமதியை எடுத்துக்கொள்வது எதற்கும் இதுவரை வேறு சாவி தேவைப்படவில்லை. என் மகன் அதே கணினியில் விளையாட்டுச் செயலிகளை இறக்குகிறான். ஏதேனும் தீயநிரல் நுழைந்தாலும் அதிகபட்சம் என் பெயரில் குப்பைப் பதிவு போடும், பணத்தைத் தொட முடியாது. அந்த நிம்மதியை ஒரே வரியை ஒட்டும் சௌகரியத்துக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிரல் நெசவாளர்

எளிய வழி சொன்னது அந்த நீட்டிப்பைப் பொறுத்தவரை உண்மை. ஓனர் சாவியை அது சேமிப்பதில்லை. என் தயக்கம் சேமிப்பில் இல்லை, அதற்கு முந்தைய நொடிகளில் இருக்கிறது. நகலெடுத்த மாஸ்டர் கடவுச்சொல் கணினியின் நகல் நினைவில் (கிளிப்போர்டு) இருக்கும். அதைப் படிக்கும் தீயநிரல்கள் உண்டு. நிறுவியது உண்மையான நீட்டிப்புதானா, அதே பெயரும் படமும் கொண்ட போலியா என்பது புதியவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியைப் பார்த்தால் மாஸ்டர் கடவுச்சொல்லை ஒட்டும் பழக்கம் கைக்கு வந்துவிடும். வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவர் யாரும் இல்லை.

போஸ்டிங் சாவியில் தொடங்குங்கள். பணம் அனுப்பும் தேவை வரும் நாளில் ஆக்டிவ் சாவியைச் சேர்க்கலாம், முடிந்ததும் நீக்கலாம். ஓனர் சாவியும் மாஸ்டர் கடவுச்சொல்லும் தாளிலேயே இருக்கட்டும்.

எளிய வழி

போலி நீட்டிப்பு என்றால் போஸ்டிங் சாவியும்தான் போகும். அப்போதும் நட்டம்தானே?

நிரல் நெசவாளர்

நட்டம்தான். ஆனால் போஸ்டிங் சாவி போனால் ஆக்டிவ் சாவியைக் கொண்டே புதிய போஸ்டிங் சாவியை வைத்துவிடலாம். ஓனர் போனால் திருடியவர் எல்லாச் சாவிகளையும் மாற்றிவிட்டு உங்களை வெளியே நிறுத்துவார். அளவில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

கடல்காற்று

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ சங்கிலியின் வாலட் பழக்கம். அங்கே நிறுவும்போதே பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து எழுதி வைக்கச் சொல்லும். ஹைவ் நீட்டிப்பில் அந்தத் திரையே வரவில்லை. நான் எதையாவது தவறவிட்டுவிட்டேனா?

நிரல் நெசவாளர்

எதையும் தவறவிடவில்லை. அந்தச் சொற்கள் பிப் 39 என்ற நெறிமுறையின்படி வருபவை. 2013-இல் பிட்காயின் உலகில் உருவானது. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கப்படும் அந்தப் பன்னிரண்டிலிருந்து எத்தனை முகவரிகளை வேண்டுமானாலும் வருவிக்கலாம். வழக்கமான ஹைவ் கணக்குக்கு அப்படி ஒரு சொல்வரிசை கிடையாது. நீட்டிப்பு புதிய சாவி எதையும் உருவாக்குவதும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் கணக்கின் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் ‘ஹைவ் கணக்கை இணைக்கப் பன்னிரண்டு சொற்களைத் தருக’ என்று எந்தப் பக்கமாவது கேட்டால் உடனே மூடிவிடுங்கள். உங்கள் எத்தீரியம் பணத்துக்கு வைத்த வலை அது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எத்தீரியத்தில் முகவரியே சாவியிலிருந்துதான் பிறக்கிறது. சாவி கசிந்தால் பணத்தை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு அந்த முகவரியைக் கைவிட வேண்டியதுதான். ஹைவில் பயனர் பெயர் தனி, சாவிகள் தனி. பெயரையும் அதன் கீழுள்ள எழுத்துகளையும் அப்படியே வைத்துக்கொண்டு சாவிகளை மட்டும் மாற்றலாம்.

நெறியாளர்

இதற்கு முன் ஒருவர், ‘இரண்டு தாள்களையும் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் சரிசெய்து தருகிறேன்’ என்று எழுதியிருந்தார். பதிவை நீக்கி அந்தப் பயனரைத் தடை செய்துள்ளேன். வாசகி அவர்களே, உங்களுக்குத் தனிச்செய்தி வந்திருந்தால் பதில் எழுத வேண்டாம். உதவி செய்ய யாருக்கும் உங்கள் தனிச்சாவி தேவையில்லை. கேட்பவர் எவராக இருந்தாலும், என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

மழைக்கால வாசகி

நெறியாளருக்கு நன்றி. எனக்கும் அந்தச் செய்தி வந்தது, பதில் அனுப்பவில்லை.

நிரல் நெசவாளர் ஐயா, அப்பாவிடம் கேட்டேன். 2021-இல் ஸ்டீமிட் தளத்தில் கடவுச்சொல்லை மாற்றினாராம்; அப்போது அச்சிட்டதுதான் அந்தத் தாள். ஹைவ் என்று தனியாக ஒன்று இருப்பதே அவருக்கு அப்போது தெரியாது.

நிரல் நெசவாளர்

முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஸ்டீம் சங்கிலி 2016-இல் தொடங்கியது. ஸ்டீமிட் நிறுவனத்தை 2020-இன் தொடக்கத்தில் டிரான் என்ற இன்னொரு சங்கிலியின் நிறுவனர் ஜஸ்டின் சன் வாங்கினார். அதை ஏற்காத சமூகத்தினர் 2020 மார்ச் 20 அன்று பிரிந்து ஹைவைத் தொடங்கினார்கள். பிரிந்த அந்த நொடி வரை இருந்த கணக்குகள், கட்டுரைகள், சாவிகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தன. அதற்குப் பிறகு ஒரு பக்கத்தில் செய்த மாற்றம் மறுபக்கத்துக்குத் தெரியாது.

அதன்படி, 2021-இல் மாற்றிய சாவிகள் ஸ்டீமில் மட்டுமே செல்லும். ஹைவில் இன்னும் 2018 சாவிகள்தான் இருக்க வேண்டும். இதைத் தனிச்சாவி எதையும் தொடாமல் சரிபார்க்கலாம். 2021 தாளில் ‘எஸ்டிஎம்’ (STM) என்று தொடங்கும் நான்கு பொதுச்சாவிகள் இருக்கும். (ஹைவ் பிரிந்த பிறகும் அந்த மூன்று எழுத்து முன்னொட்டை மாற்றவில்லை.) ஹைவின் பிளாக் எக்ஸ்ப்ளோரர் (சங்கிலியின் பதிவுகளைக் காட்டும் தளம்) ஒன்றில் அப்பாவின் பயனர் பெயரைத் தேடினால் அங்கே பதிவான பொதுச்சாவிகள் தெரியும். தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு ஸ்டீமின் எக்ஸ்ப்ளோரரிலும் அதையே செய்யுங்கள். பொதுச்சாவி எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருப்பதுதான். அதை ஒப்பிடுவதில் ஆபத்து இல்லை.

மழைக்கால வாசகி

ஒப்பிட்டேன். ஸ்டீமில் நான்கும் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. ஹைவில் நான்குமே வேறு. அந்த எஸ்டிஎம் வரிகள் எதற்கு என்றே தெரியாமல் இருந்தேன். இப்படி உதவும் என்று நினைக்கவில்லை. அப்பாவுக்கும் காட்டினேன். எல்லைக்கல்லை வரைபடத்தோடு சரிபார்ப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாகப் படித்து மகிழ்ந்தார்.

ஆக, 2018 தாள்தான் ஹைவுக்கு. அதில் மாஸ்டர் கடவுச்சொல் மட்டும்தான் இருக்கிறது. போஸ்டிங் சாவி தனியாக இல்லை. அதை நீட்டிப்பில் கொடுக்கலாமா?

எளிய வழி

இப்போது வேறு வழியே இல்லை, பார்த்தீர்களா? மாஸ்டரைத்தான் கொடுக்க வேண்டும்.

வடகரை

அவசரப்பட வேண்டாம். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. வாசகி அவர்களே, 2021-இல் உங்கள் அப்பா ஏன் கடவுச்சொல்லை மாற்றினார்? காரணமில்லாமல் யாரும் அந்த வேலையில் இறங்க மாட்டார்கள்.

மழைக்கால வாசகி

கேட்டுவிட்டு எழுதுகிறேன். அவருடைய கட்டுரை ஒன்றின் கீழ் யாரோ ஓர் இணைப்பைக் கொடுத்து, அங்கே உள்நுழைந்தால் கட்டுரை நிறையப் பேருக்குப் போய்ச் சேரும் என்று எழுதியிருந்தார்களாம். அந்தப் பக்கம் ஸ்டீமிட் போலவே இருந்ததால் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறார். அன்று இரவே சந்தேகம் வந்து மாற்றிவிட்டாராம். ‘அதுதான் மாற்றிவிட்டேனே, இனி என்ன பயம்’ என்கிறார்.

வடகரை

அவர் மாற்றியது ஸ்டீமில். அந்தப் பக்கத்தில் கொடுத்தது 2018 கடவுச்சொல். அது ஹைவில் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அந்த வலையை விரித்தவர்கள் ஹைவில் போட்டுப் பார்க்காதது உங்கள் நல்ல காலம், அல்லது பார்த்துவிட்டு எடுக்க எதுவும் இல்லை என்று விட்டிருக்கலாம். இனி முதல் வேலை நீட்டிப்பு இல்லை. ஹைவில் சாவிகளை மாற்றுவது. இன்றைக்கே செய்யுங்கள்.

முதலில் எக்ஸ்ப்ளோரரில் கணக்கின் வரலாற்றைப் பாருங்கள். அப்பா செய்யாத பணப் பரிமாற்றம் இருக்கிறதா? ஹைவ் பவர் என்ற பங்கை இறக்கும் நடவடிக்கை ஏதேனும் தொடங்கியிருக்கிறதா? அந்தப் பங்கு ஒரே நாளில் வெளியே வராது. 13 வாரங்களில் வாரம் ஒரு பகுதியாகத்தான் வரும். திருடன் தொடங்கியிருந்தாலும் நடுவில் நிறுத்திவிட முடியும்.

நிரல் நெசவாளர்

வடகரை கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது.

எளிய வழி அவர்களோடு நடந்த விவாதமும் இதனால் முடிந்துவிடுகிறது. 2018 மாஸ்டர் கடவுச்சொல்லை நீட்டிப்பில் போடவே வேண்டாம். அதை ஒரே ஒரு முறை, ஹைவ் வாலட் தளத்தின் (நீட்டிப்பு அல்ல, கணக்கை நிர்வகிக்கும் இணையதளம்) கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில் பயன்படுத்துங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், தேடல் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். அந்தப் பக்கம் புதிய மாஸ்டர் கடவுச்சொல்லை உருவாக்கித் தரும். உங்கள் விருப்பத்துக்கு ஒன்றை வைக்க விடாது. உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் புதியதை அச்சிட்டு, அச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு புதிய போஸ்டிங் தனிச்சாவியை மட்டும் நீட்டிப்பில் சேருங்கள். பழைய கடவுச்சொல் அத்துடன் செல்லாமல் போய்விடும்.

2018 தாளைக் கிழித்துவிட வேண்டாம். பழைய மெமோ சாவியால் மறையாக்கம் செய்த குறிப்புகள் ஏதேனும் இருந்தால் அவற்றைப் படிக்க அந்தப் பழைய சாவியே வேண்டும். தாளின் மேல் ‘காலாவதி’ என்று எழுதிக் கோப்பில் வையுங்கள்.

மழைக்கால வாசகி

கணக்கு வரலாற்றில் 2020-க்குப் பிறகு எதுவுமே இல்லை. பெரிய நிம்மதி.

ஆனால் புதிய சிக்கல். கையெழுத்துத் தாளில் இரண்டு இடங்களில் மை பரவியிருக்கிறது. ஓரிடத்தில் வட்டமாக ஓர் எழுத்து. சுழியமா, பெரிய ‘ஓ’வா, சிறிய ‘ஓ’வா தெரியவில்லை. இன்னோர் இடத்தில் நேர்கோடு. ஒன்றா, சிறிய ‘எல்’லா, பெரிய ‘ஐ’யா? அப்பாவுக்கும் நினைவில்லை.

நிரல் நெசவாளர்

கவலை வேண்டாம். இந்தச் சாவிகள் 58 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு தொகுப்பில் எழுதப்படுகின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்து குழப்பம் வரும் என்பதற்காகவே சுழியம், பெரிய ‘ஓ’, பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’ ஆகிய நான்கையும் அந்தத் தொகுப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஆகவே வட்டமாக இருப்பது சிறிய ‘ஓ’, நேர்கோடு எண் 1. அந்தக் காலத்தில் தளம் உருவாக்கிக் கொடுத்த மாஸ்டர் கடவுச்சொல்லில் தொடக்கத்தில் உள்ள ‘பி’யோடு சேர்த்து 52 எழுத்துகள் இருக்கும். எண்ணிப் பாருங்கள்.

மழைக்கால வாசகி

52 சரியாக இருந்தது. ஏற்றுக்கொண்டது! புதிய கடவுச்சொல்லை இரண்டு படிகள் அச்சிட்ட பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். எக்ஸ்ப்ளோரரில் பொதுச்சாவிகள் மாறியிருப்பதையும் பார்த்துவிட்டேன். நீட்டிப்பில் போஸ்டிங் சாவி சேர்ந்துவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும் என்று நிறுவும்போதே நீட்டிப்பு கேட்டதே, அது ஆபத்தில்லையா? பதிவிடும்போது ‘இனிக் கேட்க வேண்டாம்’ என்று ஒரு கட்டம் வருகிறதே, அதைத் தேர்வு செய்யலாமா?

நிரல் நெசவாளர்

அந்த அனுமதி பார்ப்பதற்கு அச்சமூட்டுகிறது, ஆனால் காரணம் உண்டு. நீங்கள் எந்த ஹைவ் தளத்துக்குப் போனாலும் அந்தத் தளம் நீட்டிப்போடு பேச ஒரு வழி வேண்டும். ‘இந்தக் கட்டுரையில் கையொப்பமிடு’ என்று தளம் கேட்கும். நீட்டிப்பு உங்களிடம் காட்டும். நீங்கள் சம்மதித்தால் உள்ளே இருக்கும் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும். சாவி தளத்துக்குப் போவதில்லை. 2021-இல் அப்பா சிக்கியது போன்ற பக்கங்களுக்கு எதிராக நீட்டிப்பு தரும் பாதுகாப்பே இதுதான்: எங்கும் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஒரு தளம் பெட்டியைத் திறந்து சாவியைக் கேட்டாலே சந்தேகப்படலாம்.

ஆனாலும் அத்தனை பெரிய அனுமதி கொண்ட நீட்டிப்பைத் தினமும் வங்கி வேலை பார்க்கும் அதே உலாவிச் சுயவிவரத்தில் வைப்பதை நான் விரும்புவதில்லை. அப்பாவின் எழுத்துக்கென்று தனிச் சுயவிவரம் ஒன்றைத் திறந்து அங்கே நிறுவுங்கள். சாவியை அங்கே மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். நீட்டிப்பு உள்ளே வைத்திருப்பது ஒரு சுயவிவரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போகாது.

‘இனிக் கேட்க வேண்டாம்’ என்பதை, பழகிய ஒரு தளத்தில் வாக்களிப்பதற்கு மட்டும் தேர்வு செய்யலாம். ஆக்டிவ் சாவி வேண்டிய எதற்கும் வேண்டாம். அந்தக் கேள்வித் திரையில் வருவதை ஒருமுறை படிப்பதற்காகத்தான் அது வருகிறது.

பதிவர் தோழி

ஒன்று சேர்க்கிறேன். கடவுச்சொல்லை மாற்றினாலும் 2018-இல் பழைய செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகள் தாமாகப் போகாது. வாலட் தளத்தின் அனுமதிகள் பகுதியில் போஸ்டிங், ஆக்டிவ் என்ற தலைப்புகளின் கீழ் வேறு பயனர் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தச் செயலிகளில் பல இப்போது இயங்குவதே இல்லை. ஆனால் அனுமதி மட்டும் நிலைத்திருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். ஆக்டிவ் சாவி வேண்டும்.

கணக்கு நோட்டு

பின்னாளில் வெகுமதியை விற்க நினைத்தால் ஒரு விஷயத்தை அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஹைவை எக்ஸ்சேஞ்சுக்கு (நாணயங்களை வாங்கவும் விற்கவும் உதவும் நிறுவனம்) அனுப்பும்போது ‘மெமோ’ என்ற பெட்டி வரும். எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் அடையாள எண்ணை அதில் எழுத வேண்டும். ‘மெமோ சாவி’ என்ற பெயரைத் தாளில் பார்த்தவர்கள் அந்தச் சாவியைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியில் ஒட்டிவிடுகிறார்கள். குறிப்பின் தொடக்கத்தில் ‘#’ குறி இல்லாவிட்டால் அது மறையாக்கம் ஆகாது. உலகம் முழுக்கப் படிக்கலாம், அழிக்கவும் முடியாது. அவசரத்தில் ஆக்டிவ் சாவியையே ஒட்டியவர்களும் உண்டு. சங்கிலியில் அப்படிக் கசியும் சாவிகளுக்காகவே காத்திருக்கும் நிரல்கள் நொடிகளில் கணக்கைக் காலி செய்துவிடும்.

இப்போது கணக்கில் இருக்கும் நாணயங்களைச் சேமிப்புப் பகுதிக்கு மாற்றிவிடுவதும் நல்லது. அங்கிருந்து எடுக்க மூன்று நாள் ஆகும். யாராவது எடுக்க முயன்றாலும் அந்த மூன்று நாளில் ரத்து செய்யலாம்.

திரைவரைவாளர்

செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். இந்த இழையைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. ‘இந்தக் கடவுச்சொல் இந்தக் கணினிக்கு மட்டும், இதனால் கணக்கை மீட்க முடியாது’ என்ற ஒரு வரியை முதல் திரையில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டாவது திரையில் ‘தனிச்சாவி அல்லது மாஸ்டர் கடவுச்சொல்’ என்று இரண்டையும் ஒரே பெட்டியில், ஒரே தகுதியில் வைப்பதும் சரியில்லை. எழுத மட்டுமா, பணம் அனுப்பவுமா என்று முதலில் கேட்டுவிட்டு அதற்குரிய சாவியைக் கேட்கலாம். வந்தவர் எளிய வழியைத் தேர்ந்தெடுத்தால் அது அவருடைய குற்றமில்லை. பெட்டி அப்படி அழைக்கிறது. பெரும்பாலும் இந்த நீட்டிப்புகளின் மூலநிரல் திறந்தே இருக்கிறது. இவற்றை உருவாக்குபவர்களுக்கு இந்த இரண்டு மாற்றங்களையும் பரிந்துரைத்து எழுதப்போகிறேன். தமிழில் திரைவாசகங்களையும் எழுதித் தருவேன்.

எளிய வழி

பெட்டி அழைத்ததால்தான் நானும் அப்படிச் செய்தேன் என்பது உண்மை. என் நீட்டிப்பிலிருந்து ஆக்டிவ் சாவியை நீக்கிவிட்டேன். உங்கள் பரிந்துரையில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கால வாசகி

அனுமதிகள் பகுதியில் நான்கு பழைய செயலிகளின் பெயர்கள் இருந்தன. அப்பாவுக்கு ஒன்றுகூட நினைவில்லை. எல்லாவற்றையும் நீக்கினேன். ஆக்டிவ் சாவியை அதற்காக மட்டும் சேர்த்து, நாணயங்களையும் சேமிப்புக்கு மாற்றிவிட்டு, உடனே எடுத்துவிட்டேன். தாளின் ஒரு படி எங்கள் வீட்டிலும் இன்னொன்று தம்பி வீட்டிலும் இருக்கும். கைப்பேசியில் படம் எடுக்கலாமே என்று தம்பி கேட்டான்; படம் தானாக மேகச் சேமிப்புக்குப் போகும் என்பதால் மறுத்துவிட்டேன்.

அப்பா முதல் கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டார், கலிங்குகளைப் பற்றி. அனுமதிகள் இருந்த பக்கத்தில் ‘மீட்புக் கணக்கு: ஸ்டீம்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டது. இது என்ன?

வடகரை

நல்லவேளை பார்த்தீர்கள். ஓனர் சாவி திருடப்பட்டு மாற்றப்பட்டால், 30 நாட்களுக்குள் பழைய ஓனர் சாவியையும் மீட்புக் கணக்கின் ஒப்புதலையும் சேர்த்துக் காட்டிக் கணக்கைத் திரும்பப் பெறலாம். திருட்டுக்கு மட்டும்தான் இந்த வழி. சாவியே தொலைந்துபோனால் இதனால் பயன் இல்லை. ஸ்டீமிட்டில் தொடங்கிய பழைய கணக்குகளுக்கு ‘ஸ்டீம்’ என்ற கணக்கே மீட்புக் கணக்காக இருக்கும். அது ஸ்டீமிட் நிறுவனத்தின் கணக்கு. ஹைவில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அங்கிருந்து ஒப்புதல் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கு நேரில் தெரிந்த, ஹைவில் தொடர்ந்து இயங்கும் ஒருவரின் கணக்கை அங்கே வையுங்கள். தம்பிக்கு ஒரு கணக்குத் தொடங்கி அதையும் வைக்கலாம், ஆனால் அவருடைய சாவிகளை உங்கள் தாளோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. இதற்கு ஓனர் சாவி வேண்டும், எனவே நீட்டிப்பில் சேர்க்காமல் வாலட் தளத்திலேயே செய்யுங்கள். கோரிக்கை கொடுத்த பிறகு மாற்றம் நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்தத் தேதிக்குப் பிறகு பெயர் மாறிவிட்டதா என்று எக்ஸ்ப்ளோரரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.